ஆதாரமும் முட்டும்

நேற்று களக்காட்டில் ஆச்சியிடம், "நம்ம வயக்காடுதான ஆச்சி நம்ம குடும்பத்துக்கே ஆதாரம்" என்று கொஞ்சம் உருக்கமாகச் சொன்னேன். அவள் எழுந்து போய் டிரங்குப் பெட்டியிலிருந்து ஆதார் கார்டை எடுத்து வந்து, "ரேஷனுக்காலே?" என்கிறாள்.

ஆதாரம் என்றால் தாங்கி நிற்பது, வடமொழியிலிருந்து வந்த சொல். தாமிரபரணி நமக்கு நீராதாரம், நெல்லுக்கு ஆதார விலை என்று சொல்லும்போதெல்லாம் அந்தப் பழைய பொருள் அப்படியே இருக்கிறது, ஆனால் தனியாக "ஆதாரம் எங்கே?" என்று கேட்டால் மட்டும் அது சாட்சியாகிவிடுகிறது, அப்புறம் கார்டு வந்து மிச்சத்தையும் எடுத்துக்கொண்டது.

ஆச்சியிடம் அதற்கு வேறு சொல் இருக்கிறது: முட்டு. குலை தள்ளிய வாழை ஆனி, ஆடிக் காற்றில் சாய்ந்துவிடாமல் இருக்க, கவைக்கம்பை மரத்தின் கழுத்தில் கொடுத்து, அடியை மண்ணில் ஊன்றுவார்களே, அதுதான். இணையத்தில் முட்டுக் கொடுக்கிறான் என்றால், தப்பையும் தாங்கிப் பேசுகிறான் என்று திட்டு. (நானும் திட்டியிருக்கிறேன், சரி.) ஆச்சி இன்று காலையிலும் பின்னால் ஒரு ஏத்தன் வாழையைக் காட்டி, "ஏலே, அதுக்கு ஒரு முட்டு குடு" என்றாள். கம்பு கொஞ்சம் குட்டை, அடியில் ஒரு செங்கல் வைத்திருக்கிறேன்.