ஈபி ப்ளக் மாட்டியபடியே ஜென்செட் – சேஞ்ச்ஓவர் பெட்டி ஒருவழியா செட் ஆயிடுச்சு

நேத்து ராத்திரி ஏற்காட்டுல, நாகலூர் போற ரோட்டுல ஒரு எஸ்டேட் ஷெட்டுக்குப் பக்கத்துல என் கேரவன் வண்டிய நிறுத்தி, ஈபி ஒயர் சொருகினபடியே இருக்க ஜென்செட்டை ஸ்டார்ட் பண்ணேன், 30 செகண்ட் டைமர் ஓடி முடிஞ்சதும் ஈபி காண்டாக்டர் (காயில்ல கரண்ட் விட்டா மூடுற பெரிய சுவிட்ச்) விழுந்து ஜென்செட் காண்டாக்டர் ஏறுச்சு, லைட்டு ஒரு சிமிட்டு சிமிட்டுச்சு, ஏசி மறுபடி கிளம்புச்சு, அம்புட்டுதான். ஈபி, ஜென்செட் ரெண்டுல ஒண்ண மட்டும் வண்டிக்கு விடுறதுதான் இந்த சேஞ்ச்ஓவர் பெட்டி, இதுக்குத்தான் இத்தனை நாள் அதைக் கழட்டி மாட்டிட்டிருந்தேன்.

வண்டி பழைய டெம்போ டிராவலர், பின்னாடி டிக்கியில 3 கேவிஏ பெட்ரோல் செட். கேரவன் வச்சிருக்குற பசங்க எல்லாரும் கேக்குற கேள்வி, ரெண்டையும் ஒண்ணா ஓட்டலாமாங்கிறது. தாராளமா ஓடட்டும், ஆனா ரெண்டும் ஒரே பஸ்பார்ல (கரண்டைப் பிரிச்சு விடுற செம்புப் பட்டை) சேரக்கூடாது. நம்ம செட் லோடு இல்லாதப்போ 51, 52 ஹெர்ட்ஸ்ல ஓடும், ஈபி 50ல நிக்கும், அதனால ரெண்டு கரண்ட் அலையும் ஒண்ணோட ஒண்ணு பொருந்தாம நகந்துக்கிட்டே இருக்கும். நேர் எதிரா நிக்கிற நொடியில சேர்ந்துச்சுன்னா நடுவுல 650 வோல்ட் பீக், ஆல்டர்னேட்டரும், அதோட வோல்டேஜை சரியா வச்சுக்குற ஏவிஆரும் காலி. ரெண்டு பக்கமும் ஆம்பள ப்ளக் வச்ச ஒயரை வச்சுக்கிட்டு வீட்டு சாக்கெட்ல ஜென்செட்டை ஏத்துற ஆளுங்க இன்னும் இருக்காங்க, அவங்களப் பாத்தா எனக்கு வர்ற கோவம் கொஞ்சநஞ்சமில்ல. ஈபி ஆஃப் பண்ணிட்டு கம்பத்துல லைன்மேன் நிக்கிறப்போ அந்தக் கரண்ட் ட்ரான்ஸ்பார்மர்ல ரிவர்ஸ்ல ஏறினா 11 ஆயிரம் வோல்ட்டுங்க.

ரெண்டு காண்டாக்டரும் ஒண்ணா ஏறாம தடுக்குற மெக்கானிக்கல் இன்டர்லாக், என்சி காண்டாக்டை குறுக்க மாட்டுறது இதெல்லாம் உங்களுக்கே தெரியும், விடுங்க. என்னைய படுத்துனது நியூட்ரல்.

இந்த போர்ட்டபிள் செட்டுங்கள்ல நியூட்ரல் எர்த்தோட சேராம சும்மா மிதக்கும். வண்டியில 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (எர்த்துக்கு கரண்ட் கசிஞ்சா கட் பண்ற சுவிட்ச்) இருக்கு, ஜென்செட்ல ஓடுறப்போ டெஸ்ட் பட்டனை அமுக்கினா டப்புனு விழுது. சரி வேலை செய்யுதுன்னு எல்லாரும் அதோட நிறுத்திருவாங்க. ஆனா அந்தப் பட்டன் உள்ளுக்குள்ளயே பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல ஒரு ரெசிஸ்டரை மாட்டுது, எர்த்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. 15 வாட் பல்பு ஒண்ண பேஸுக்கும் சேஸிஸுக்கும் நடுவுல வச்சுப் பாத்தேன், 65 மில்லிஆம்ப் இழுக்கணும், பல்பு எரியவும் இல்ல, ஆர்சிசிபி விழவும் இல்ல. சேஸிஸ்ல இருந்து திரும்பிப் போக வழியே இல்லியே, எங்க இருந்து விழும். ஜென்செட் டெர்மினல்லயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால சேத்த பிறகு அதே பல்பை வச்சதும் அந்த நிமிஷமே ட்ரிப் ஆச்சு.

அந்த ஜம்பரை ஜென்செட் பக்கம் மட்டுந்தான் போடணும். வண்டி போர்டுல போட்டா, ஈபில ஓடுறப்போ எஸ்டேட் மெயின்ல இருக்கிற ஆர்சிசிபி விழுந்துக்கிட்டே இருக்கும், ஏன்னா நியூட்ரல்ல போற கரண்ட்ல ஒரு பங்கு எர்த் வழியா கிளம்பிரும். நியூட்ரலைக் கழட்டாம விட்டா ஜென்செட் பக்க ஜம்பரும் ஈபி நியூட்ரலோட சேந்துரும், அதனாலதான் பேஸை மட்டும் மாத்துற பெட்டி உதவாது, நியூட்ரலும் சேந்து கழரணும், ரெண்டு போல். கடையில சிங்கிள் போல்தான் விலை கம்மினு தள்ளி விடப் பாப்பாங்க, வாங்காதீங்க.

அடுத்த தலைவலி வோல்டேஜ். எஸ்டேட்டுக்கு லைன் எங்கிருந்தோ காப்பிச் செடிக்கும் சில்வர் ஓக்குக்கும் நடுவுல நீளமா வருது, சாயங்காலம் எல்லா வீட்லயும் மோட்டாரு, ஹீட்டரு போட்டா மீட்டர் 178 காட்டுது. 230 வோல்ட் காயில் 85 சதவீதத்துல, அதாவது 195க்கு மேலதான் உறுதியா புடிக்கும். அதுக்குக் கீழ காண்டாக்டர் வண்டு மாதிரி ரீங்காரம் போட்டுக்கிட்டு டர்ருனு தட்டிக்கிட்டே இருக்கும், பாயிண்ட் கருகிரும்.

சேலம் அம்மாப்பேட்டையில தறிக்கு ஸ்டார்டர் வேலை பாக்குற அண்ணன் ஒருத்தர் இருக்காரு, காண்டாக்டர்னா அவரு சொன்னா எனக்கு வேதம். "தம்பி, 12 வோல்ட் டிசி காயில் போட்ருப்பா, ஈபி எப்படி ஆடினாலும் அது அசையாது"ன்னாரு. யோசிச்சுப் பாத்தேன், இந்த ஒரு விசயத்துல அவரு பேச்ச கேக்கல. பேட்டரி செத்துட்டா ஈபி காண்டாக்டர் ஏறாது, ஈபி ஏறலைன்னா பேட்டரி சார்ஜ் ஆகாது, நடுக்காட்டுல நின்னுக்க வேண்டியதுதான். அதனால ஏசி காயிலையே வச்சுக்கிட்டு முன்னாடி ஒரு வோல்டேஜ் ரிலே போட்டேன். 195ல கழட்டி விட்ரும், 205 தாண்டி கொஞ்ச நேரம் நின்னாத்தான் மறுபடி விடும். அந்த பத்து வோல்ட் இடைவெளி முக்கியம், இல்லைன்னா அதே டர்ரு ரிலேயில ஆரம்பிச்சுரும். அண்ணன் பாத்துட்டு "ம்ம்"னாரு, அவருகிட்ட அது பெரிய பாராட்டு. பழைய ஸ்டார்டர் ஸ்பேர் வேணும்னா தறி இருக்கிற ஏரியாவுல தேடுங்க, ஆன்லைன்ல வர்ற டூப்ளிகேட் காண்டாக்டரை விட ரீவொர்க் பண்ணது எவ்வளவோ மேல்.

இன்வெர்ட்டர் அவுட்புட்ட இன்னும் இந்தப் பெட்டிக்குள்ள கொண்டு வரல, அதுவும் மூணாவது சோர்ஸ்தானே, அதுக்குத் தனியா ஒரு இன்டர்லாக் யோசிக்கணும். இப்பதைக்கு சுவிட்ச கையால திருப்பிக்கிட்டு இருக்கேன்.

அதுக்குள்ள மனசு ஜென்செட் கார்புரேட்டர் பக்கம் போயிருச்சு. 300 மீட்டர் ஏற ஏற பவர் சுமாரா மூணரை சதவீதம் குறையும்பாங்க, 20 ஹேர்பின் ஏறி 1500 மீட்டருக்கு வந்தா 3 கேவிஏ ரெண்டரைதான். ஒரு டன் ஏசி கிளம்புறப்போ இன்ஜின் முக்குறது நல்லாவே கேக்குது, ஸ்பார்க் பிளக்கும் கருப்பா புகை அடைச்சு வருது. சின்ன மெயின் ஜெட் (கார்புரேட்டர்ல பெட்ரோல் போற துளை) ஒண்ணு சொல்லி வச்சிருக்கேன், ஆனா அதை மாட்டிக்கிட்டு கீழ சேலத்துக்கு இறங்கினா மிக்ஸ்சர்ல பெட்ரோல் கம்மியாகி, அதாவது லீன் ஆகி, சூடேறும், ஒவ்வொரு தடவையும் அடிவாரத்துல நின்னு ஜெட் மாத்தணுமானு பாக்குறேன். மாத்துறவங்க இருந்தா ஜெட் சைஸ் என்ன போட்டீங்கன்னு சொல்லுங்க.