சோடா, கலர், கூல்டிரிங்ஸ்

பெட்டிக்கடையில் "ஒரு சோடா குடுங்க" என்பவரும், வீட்டுக்கு வந்த சம்பந்திக்கு "ஓடிப்போய் ரெண்டு கலர் வாங்கிட்டு வா" என்று பையனை விரட்டுபவரும், "கூல்டிரிங்ஸ் என்ன இருக்கு?" என்று கேட்பவரும் கேட்பது ஏறக்குறைய ஒன்றைத்தான்: கேஸ் ஏற்றிய தண்ணீர். சர்க்கரையும் எசன்ஸும் சேர்ந்தால் கலர், சேராவிட்டால் சோடா. பிறகு எப்படி ஒன்று மூட்டை தூக்குபவர் குடிப்பதாகவும் இன்னொன்று விருந்தாளிக்குக் கொடுப்பதாகவும் ஆனது? விளம்பரம் என்பார்கள். அதற்கு முன்னால் பாட்டிலைப் பாருங்கள்.

கோலி பாட்டில் 1870களில் இங்கிலாந்தில் ஹிரம் காட் காப்புரிமை பெற்ற வடிவம். வாய்க்குள் ஒரு ரப்பர் வளையம், கழுத்தில் ஒரு இடுக்கு, நடுவில் கண்ணாடிக் கோலி. கேஸும் தண்ணீரும் ஏற்றும்போது பாட்டில் தலைகீழாக இருக்கும். கோலி வாய்ப்பக்கம் வந்து வளையத்தில் உட்கார, உள்ளே இருக்கும் அழுத்தமே அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மூடி, தகரம், ஓப்பனர் எதுவும் வேண்டாம். கட்டைவிரலால் ஓர் அழுத்து. குடிக்கும்போது கழுத்திலுள்ள பள்ளங்கள் கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோலி உருண்டு வந்து வாயை அடைத்துவிடும்.

வளையம் தேய்ந்தால் கேஸ் கசியும். கழுத்து இடுக்கில் பிரஷ் சரியாக நுழையாது, அதனால் கழுவுவதும் சிரமம். கோலி சோடாவுக்கு "சுத்தமில்லை" என்ற பெயர் ஒட்டிக்கொண்டதற்கு ஏழை குடிப்பது மட்டும் காரணமில்லை, இந்த இடுக்கும்தான். போதாததற்குக் கலவரங்களில் பறந்ததும் இதே பாட்டில். அழுத்தத்தோடு இருக்கும் கனத்த கண்ணாடி, விழுந்த இடத்தில் சிதறும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பாட்டில்தான் முதலாளியின் முதல். உள்ளே இருப்பது மலிவு. ஆகவே கடைவாசலில் நின்று குடித்துவிட்டுப் போக வேண்டியதுதான். தெருவில் நின்று குடிக்கத் தயங்காதவர் யார், வீட்டுக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்பவர் யார்? வர்க்கம் அங்கேயே பிரிந்துவிட்டது. பெண்கள் கடைவாசலில் கோலி சோடா குடிப்பது அரிதாக இருந்ததும் இதனால்தான்.

தகர மூடி போட்ட கலருக்கு மரியாதை கூடியது. டெபாசிட் கட்டினால் வீட்டுக்குக் கொண்டுபோகலாம், விருந்தாளி முன்னால் வைத்துத் திறக்கலாம். இன்னொன்று குளிர்ச்சி: 30 டிகிரி தண்ணீர், 10 டிகிரி தண்ணீர் பிடித்து வைக்கும் கேஸில் பாதியைவிடச் சற்றே கூடுதலாகத்தான் பிடிக்கும். ஃபிரிட்ஜ் உள்ள கடையில் வாங்கினால் சுர்ரென்று ஏறும்; வெயிலில் அடுக்கிய கிரேட்டிலிருந்து எடுத்தால் நுரை பொங்கி வழிந்து, மிச்சம் வெறும் சர்க்கரைத் தண்ணீர். சரக்கு ஒன்றுதான், கடைதான் வேறு.

கோகோ கோலா 1977இல் வெளியேறி 1993இல் திரும்பி வந்தது. 2003 வாக்கில் 200 மில்லி பாட்டிலை 5 ரூபாய்க்கு இறக்கியதும் கிராமத்துக் கடையிலும் கிடைத்தது. எல்லோர் கைக்கும் எட்டியதும் அந்தஸ்து அதைவிட்டு நகர்ந்து பெட் பாட்டிலுக்கும் கேனுக்கும் போனது, அதாவது திருப்பிக் கொடுக்க வேண்டாதவற்றுக்கு.

1916இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க்கின் பவண்டோவுக்கு நடந்தது கொஞ்சம் வேறு. நகரத்து மேசைகளில் "ஊர்க் கலர்" என்று ஒதுங்கிக் கிடந்தது. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தபோது, பவண்டோவைக் கையில் பிடித்திருப்பதே ஒரு நிலைப்பாடாகிவிட்டது. ருசி மாறவில்லை. வெட்கம் போயிற்று, அவ்வளவுதான்.

கோலி சோடாவும் இப்போது சூப்பர் மார்க்கெட் அலமாரிக்கும் கல்யாண ரிசப்ஷனுக்கும் வந்துவிட்டது. பளிச்சென்ற லேபிள், கோலியை அழுத்த ஒரு பிளாஸ்டிக் குமிழ், பெட்டிக்கடை விலையைப்போல் சில மடங்கு. காலி பாட்டிலை யாரும் திருப்பிக் கேட்பதில்லை.