ரத்தா பெரிசா, ரத்தோன் பெரிசா?

சென்னையில் ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்தில் சில வருஷம் இருந்தேன். ஐரோப்பாவிலிருந்து வரும் கோப்புகளைச் சொற்பட்டியலோடு ஒத்துப் பார்ப்பது என் வேலை. ஒருமுறை எலிப்பொறி அட்டைப்பெட்டிக்கான வாசகம் வந்தது. பெரிய எலிக்கு ஒரு பொறி, சுண்டெலிக்கு ஒன்று. எக்செல்லில் இரண்டே வரிசை. டீ ஆறுவதற்குள் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஸ்பானிஷில் பெரிய எலிக்கு 'ரத்தா', சுண்டெலிக்கு 'ரத்தோன்' என்று இருந்தது. எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிஷில் 'ஓன்' என்று முடிந்தால் பெரியது. சிய்யா என்றால் நாற்காலி, சிய்யோன் என்றால் கைவைத்த பெரிய நாற்காலி. ஆள் தூக்கக் கலக்கத்தில் மாற்றிப் போட்டுவிட்டார் என்று நானே இடம் மாற்றினேன். மறுநாள் மாட்ரிட்டிலிருந்து காரமாகப் பதில்: ரத்தோன்தான் சுண்டெலி, உங்கள் மேஜையில் இருக்கும் மவுஸும் அதுவே. நல்லவேளை, பெட்டி இன்னும் அச்சுக்குப் போகவில்லை.

போர்ச்சுகீஸ் இன்னும் மோசம். லிஸ்பனில் 'ராத்து' என்றால் சுண்டெலி, பெரியது 'ரதசானா'. அதே ராத்து பிரேசிலில் பெரிய எலி. சுண்டெலிக்கு அங்கே 'கமுந்தோங்கு', ஆப்பிரிக்காவின் கிம்புண்டு மொழியிலிருந்து கடல் தாண்டி வந்த சொல். ஆக, போர்ச்சுகீஸுக்கே இரண்டு பெட்டி. இத்தாலியில் 'ரத்தோ' என்று தனிச்சொல் இருந்தாலும் பேச்சில் எது ஓடினாலும் 'தோப்போ'தான். மிக்கி மவுஸ் அங்கே 'தோப்போலீனோ'.

ஜெர்மன்காரர்கள் கொறிக்காததையும் எலியாக்கியவர்கள். வௌவால் 'ஃபிளேடர்மௌஸ்', பூச்சி தின்னும் மூஞ்சூறு 'ஷ்பிட்ஸ்மௌஸ்'. இந்த இரண்டிலிருந்தும் 'மௌஸை' நீக்க அங்குள்ள பாலூட்டி ஆய்வாளர்கள் முயன்றபோது, 1942இல், போருக்கு நடுவே, ஹிட்லரே தலையிட்டுத் தடுத்தாராம். நாம் சிரிப்பதற்கில்லை. பிள்ளையார் வாகனத்தை ஒரே வாயால் மூஷிகம் என்றும் மூஞ்சூறு என்றும் சொல்கிறவர்கள்தானே. அந்த வடமொழி மூஷிகமும் லத்தீன் 'மூஸ்', ஜெர்மன் 'மௌஸ்' எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை.

பட்டியலில் லத்தீன் அறிவியல் பெயருக்கு ஒரு பத்தி சேர்த்தேன். அதிலும் வம்பு. பெரிய எலி 'ராட்டுஸ் நார்வேஜிகுஸ்', அதாவது நார்வே எலி. உண்மையில் அது ஆசியாவிலிருந்து போனது. கடைசியில் பெட்டியில் எலியின் படமே போடச் சொல்லிவிட்டேன், பக்கத்தில் சென்டிமீட்டர் அளவோடு.