கண்ரெப்பைக் கட்டி: ஒத்தடத்திலிருந்து கத்தி வரை

இமைக்குள் பாசிப்பயறு அளவில் ஒன்று உருளும். அழுத்தினால் வலி பெரிதாக இருக்காது, ஆனால் வாரக்கணக்கில் போகாது. பார்க்கிறவர்கள் எல்லோரும் 'கண்கட்டி' என்றுதான் சொல்வார்கள். கண்கட்டி வேறு. அது கிருமியால் வருவது. பெரும்பாலும் இமைமுடியின் வேரில் சிவந்து, விண்விண்ணென்று வலித்து, சில நாளில் மஞ்சள் முனை காட்டி உடைந்துவிடும். இது எண்ணெய்ச் சுரப்பி அடைத்துக்கொண்டு வருவது. மருத்துவர் சீட்டில் 'கலேசியான்' என்று இருக்கும். கிரேக்கத்தில் சின்ன ஆலங்கட்டி என்று பொருள். விரலால் உருட்டிப் பார்த்தவர்தான் அந்தப் பெயரை வைத்திருக்க வேண்டும்.

மேலிமைக்குள் 25 முதல் 40 வரை, கீழிமைக்குள் 20 முதல் 30 வரை எண்ணெய்ச் சுரப்பிகள் தட்டி கட்டினாற்போல் செங்குத்தாக நிற்கின்றன. 1666-இல் இவற்றை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிக் மைபோமின் பெயரால் மைபோமியன் சுரப்பிகள் என்கிறார்கள். இமைமுடிக்குச் சற்று உள்ளே, விளிம்பில் இவற்றின் வாய் இருக்கிறது. கண்ணைச் சிமிட்டும்போதெல்லாம் கசியும் எண்ணெய், கண்ணீர் சட்டென்று ஆவியாகிவிடாமல் மேலே பரவி மூடிக்கொள்ளும். வாய் அடைத்தால் எண்ணெய் உள்ளேயே தேங்கி, சுரப்பியை மீறிச் சதைக்குள் கசிகிறது. உடம்பு அதை அந்நியப் பொருளாக நினைத்துச் சுற்றி வளைக்கிறது. அந்த வளையம்தான் கட்டி. உள்ளே கிருமி இல்லை. அதனால் மருந்துக்கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் சொட்டு மருந்தால் இது கரையாது.

நம் ஊரில் இதன் சிகிச்சைக்கு முதல் எதிரி 'உடம்புச் சூடு' என்ற பேச்சு. சூட்டால் வந்தது என்று சொல்லி நாமக்கட்டியை உரைத்துப் பூசுவார்கள், வெள்ளரிக்காயை வைப்பார்கள். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் பாருங்கள், ஒரு சொட்டு விழாது. அதை இன்னும் குளிரில் வைப்பவர் உண்டா? இமைக்குள்ளும் அதே கதைதான். உறைந்த எண்ணெய் இளக வேண்டுமென்றால் இமையின் உட்புறம் 40 டிகிரியை ஒட்டிச் சூடேற வேண்டும். விரலை உள்ளங்கையில் தேய்த்து ஒற்றும் பாட்டி வைத்தியம் திசையில் சரி, ஆனால் அந்தச் சூடு இரண்டு நொடிகூட நிற்காது.

ஒத்தடம் கொடுத்தும் பலன் இல்லை என்பவர்களில் பெரும்பாலானோர் செய்வது ஒன்றே: துணியை வெந்நீரில் நனைத்துக் கண்மேல் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் படுத்திருப்பது. ஈரத்துணி இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும். மீதி எட்டு நிமிடம் வைத்தது குளிர் ஒத்தடம். ஒரு பிளாஸ்கில் வெந்நீர், ஒரு கிண்ணம், சின்னக் கைத்துண்டு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். கிண்ணத்து நீர் 45 டிகிரியைத் தாண்டக் கூடாது. தெர்மாமீட்டர் இல்லையென்றால், மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்தால் நல்ல சூடாக இருக்க வேண்டும், கையை இழுக்கத் தோன்றக் கூடாது. ஒரு துண்டு கண்ணில் இருக்கும்போது மற்றது நீரில் இருக்கட்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றி மொத்தம் பத்து நிமிடம். கிண்ணம் ஆற ஆற பிளாஸ்கிலிருந்து ஊற்றிக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு வேளை. பச்சரிசியைப் பருத்தி சாக்ஸில் கட்டி மைக்ரோவேவில் சூடாக்கினால் சூடு நீடிக்கும், உண்மைதான். ஆனால் உள்ளே ஒரு பக்கம் மட்டும் கொதித்திருக்கும். நன்றாகக் குலுக்கி, மணிக்கட்டில் வைத்துப் பார்க்காமல் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள். இமைத் தோல் அவ்வளவு மெல்லியது.

துண்டை எடுத்த கையோடு நீவ வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து நீவினால் எண்ணெய் மறுபடி இறுகியிருக்கும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கண்ணை மூடி, சுட்டுவிரல் நுனியால் மேலிமையென்றால் மேலிருந்து கீழாக, கீழிமையென்றால் கீழிருந்து மேலாக, அதாவது எப்போதும் இமைமுடியை நோக்கி நீவுங்கள். சப்பாத்தி மாவில் விரல் பதியும் அளவு அழுத்தம் போதும். பிதுக்குவது, ஊசியால் குத்துவது இரண்டும் வேண்டாம். எண்ணெய் இன்னும் உள்ளே சிதறும், கிருமியும் சேரும். அதற்கடுத்து, ஆறவைத்த வெந்நீரில் இரண்டு சொட்டு பேபி ஷாம்பு விட்டு, பஞ்சுக் குச்சியை நனைத்து, இமைமுடியின் அடியைப் பக்கவாட்டில் துடைத்தெடுங்கள். பொடுகுத் தலை உள்ளவர்களுக்கு இந்தப் படி மிக முக்கியம், தலைப் பொடுகையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். கட்டி போகும்வரை கண்மை வேண்டாம். காண்டாக்ட் லென்ஸுக்கும் விடுப்பு.

ஒரு வாரத்தில் கரைந்துவிடும் என்று எதிர்பார்த்துத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நான்கு முதல் ஆறு வாரம் விடாமல் செய்து பார்க்க வேண்டிய வேலை இது. முதலில் சுற்று வீக்கம் வடியும், அப்புறம்தான் மணி சிறுக்கும். நடுவே ஒன்று: மேலிமைக் கட்டி பெரிதாக இருக்கும்போது கண்ணாடிக்குப் பவர் பார்க்காதீர்கள். கட்டி கருவிழியை அழுத்தி, இல்லாத சிலிண்டர் பவரை, அதாவது கருவிழி வளைவின் கோணலுக்கான பவரைக் காட்டும். இமை முழுதும் சிவந்து வீங்கி, காய்ச்சல் வந்து, கண்ணை அசைத்தால் வலித்தால் அல்லது பார்வை இரண்டாகத் தெரிந்தால் ஒத்தடத்தை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கரையாவிட்டால் இரண்டு வழி. ஒன்று, ட்ரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை 0.1 முதல் 0.2 மில்லி வரை கட்டிக்குள் ஊசியாகப் போடுவது. சின்னக் கட்டிக்கும், கண்ணீர்க் குழாய்க்கு அருகில் இருப்பதற்கும் ஏற்றது. சிலருக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு ஊசி தேவைப்படும். ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுக்கலாம். மாநிறமும் கறுப்புமான நம் தோலில் அது பளிச்சென்று தெரியும். இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொன்று கீறி எடுப்பது. பெரியவர்களுக்கு மரத்துப்போகும் ஊசியோடு கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு மயக்க மருந்து வேண்டியிருக்கும். ஆஸ்பிரின் போன்ற ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் முதலிலேயே சொல்ல வேண்டும், தாமாக நிறுத்தக் கூடாது. கண்ணில் சொட்டு மருந்து விட்டபின் இமையில் போடும் லிக்னோகெய்ன் என்ற அந்த மரத்துப்போகும் ஊசிதான் மொத்தத்திலும் வலிக்கிற இடம். சுரீரென்று எரிந்து அரை நிமிடத்தில் அடங்கும். வளையமுள்ள ஓர் இடுக்கியால் இமையைப் பிடித்து வெளிப்புறமாகத் திருப்புவார்கள். அப்போது அழுத்தம் தெரியும், வலி தெரியாது. கீறல் இமையின் உட்பக்கத்தில், செங்குத்தாக விழும். குறுக்கே கீறினால் பக்கத்துச் சுரப்பிகளும் அறுபடும் என்பதால்தான் அப்படி. உட்பக்கம் என்பதால் முகத்தில் தழும்பு தெரியாது, பெரும்பாலும் தையலும் கிடையாது. ஜெல்லி போன்ற மஞ்சள் கூழைச் சின்னக் கரண்டியால் சுரண்டியெடுத்து, களிம்பு வைத்துச் சில மணி நேரம் கட்டுப் போடுவார்கள். ஒற்றைக் கண்ணோடு வண்டி ஓட்ட முடியாது, துணைக்கு ஆள் வேண்டும்.

கட்டைப் பிரித்ததும் லேசாக ரத்தம் கலந்த கண்ணீர் வரலாம், ஒரு வாரத்துக்கு இமை கருநீலமாக இருக்கலாம். கட்டி அப்படியே இருக்கிறதே என்ற பதற்றம் அப்போது வராதவர் குறைவு. உள்ளிருப்பது போய்விட்டாலும் சுவர் தடித்திருக்கும். மெலிய மூன்று நான்கு வாரமாகும். ஒத்தடத்தை மீண்டும் எப்போது தொடங்கலாம் என்று மறுபரிசோதனையில் கேட்டுக்கொள்ளுங்கள். வேறொரு சுரப்பியில் புதிதாக வருவது சகஜம். நடுவயது தாண்டியவருக்கு அதே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தாலோ, அந்த இடத்து இமைமுடி உதிர்ந்தாலோ, சுரண்டியதைக் கட்டாயம் பயாப்ஸி என்ற திசுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்ல வேண்டும். எண்ணெய்ச் சுரப்பியில் வரும் புற்றுநோய் அச்சு அசலாக இந்தக் கட்டி மாதிரியே உட்கார்ந்திருக்கும். இமைப் புற்றுகளில் அதன் பங்கு மேலை நாடுகளைவிட இந்தியாவில் அதிகம்.