சாய்ந்த வெயில்

மதியம் சன்னல் வழியே வந்த வெயில் எதிர்ச்சுவர் வரை நீண்டு கிடந்தது. சில மாதம் முன்பு இதே நேரத்தில் சன்னல் விளிம்போடு நின்றுவிடும்.

குளிர்காலத்தில் சூரியன் தள்ளிப் போய்விடுகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள்.

நேர் எதிர்! ஜனவரித் தொடக்கத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில் இருக்கிறது. ஜூலைத் தொடக்கத்தில் 15.2 கோடி.

எல்லாம் பூமி சுழலும் அச்சின் 23.4 பாகைச் சாய்வு செய்கிற வேலை. ஜனவரியில் வடபாதி சூரியனை விட்டு விலகிச் சாய்கிறது. வெயில் சரிந்து பரவுகிறது, பகல் சுருங்குகிறது. அதே மாதம் ஆஸ்திரேலியாவில் கொளுத்தும் கோடை.

யுரேனஸ்தான் பாவம். சாய்வு 98 பாகை, படுத்தே உருள்கிறது. துருவத்தில் சுமார் 42 ஆண்டு பகல், அப்புறம் 42 ஆண்டு இரவு.

அங்கே கோடை விடுமுறை விட்டால் பிள்ளைகள் திரும்பி வருவார்களா என்ன!