ஹோம் டைரக்டரிக்கு இரண்டு சர்வர்: ஃபென்சிங்கில் மாட்டிக்கொண்ட கதை

பல கம்ப்யூட்டர்களை (நோடுகளை) ஒன்றாக இணைத்த எங்கள் கிளஸ்டரில் கணக்குப் போடும் நோடு ஒன்று செத்தால் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ள மாட்டார்கள். வேலைகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் ஸ்லர்ம் மென்பொருள், அதில் ஓடிய வேலையை வேறு நோடில் மறுபடி ஓட்டிவிடும். எல்லோருடைய ஹோம் டைரக்டரியும் (சொந்த ஃபைல்கள் இருக்கும் இடம்) இருந்த, நெட்வொர்க் வழியாக ஃபைல் பகிரும் ஒற்றை என்எஃப்எஸ் சர்வர் படுத்தால்தான் கதை கந்தல். லாகின்கூட ஆகாது. அதை இரண்டு சர்வராக்கி, ஒன்று போனால் மற்றது பொறுப்பேற்கும்படி அமைக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

டேட்டாவை இரண்டு இடத்திலும் வைப்பது சுலபமாகவே முடிந்தது. ஒரு சர்வரின் டிஸ்க்கை நெட்வொர்க் வழியாக இன்னொன்றில் அப்படியே பிரதி எடுக்கும் டிஆர்பிடி 2010-லேயே லினக்ஸ் கெர்னலுக்குள் வந்துவிட்ட பழைய சரக்கு. புரோட்டோகால் சி-யில் வைத்தால், எதிர் சர்வரின் டிஸ்க்கிலும் இறங்கிய பிறகுதான் எழுதியாயிற்று என்று ஒப்புக்கொள்ளும். வேகம் கொஞ்சம் குறையும், குறையட்டும். யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று பார்ப்பது கோரோசிங்க். எதை எங்கே ஏற்றுவது என்று முடிவெடுப்பது பேஸ்மேக்கர்.

ஏற்றும் வரிசை முக்கியம். டிஆர்பிடி பிரைமரி (எழுதும் பக்கம்), அதன்மேல் ஃபைல்சிஸ்டம், பிறகு என்எஃப்எஸ் சர்வீஸ், பிறகு எக்ஸ்போர்ட் (டைரக்டரியை மற்ற நோடுகளுக்குத் திறந்துவிடுவது), எல்லாம் முடிந்து கடைசியில்தான் விர்ச்சுவல் ஐபி, அதாவது பொறுப்பில் இருக்கும் சர்வரோடு இடம் மாறும் முகவரி. ஐபி முந்திக்கொண்டால், இன்னும் எக்ஸ்போர்ட் ஆகாத சர்வரைப் போய்க் கிளையன்ட் (ஹோம் டைரக்டரியைப் பயன்படுத்தும் நோடு) தட்டும். ‘ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்’ என்று திரும்பி வரும். சர்வர் மாறினாலும் அதே ஃபைல்சிஸ்டம்தான் என்று கிளையன்ட் அடையாளம் காண, இரண்டு பக்கமும் ஒரே எஃப்எஸ்ஐடி எண் கொடுத்தேன். எந்தக் கிளையன்ட் இணைந்திருக்கிறது என்று என்எஃப்எஸ் குறித்துவைக்கும் டைரக்டரியையும் டிஆர்பிடி டிஸ்க்குக்கே மாற்றினேன்.

நிஜமான தலைவலி ஃபென்சிங், அதாவது சந்தேகத்துக்குரிய சர்வரை வலுக்கட்டாயமாக ஒதுக்கிவைப்பது. பதில் வராத சர்வர் செத்துவிட்டதா, நடுவில் நெட்வொர்க் மட்டும் அறுந்ததா என்று மற்றதற்குத் தெரியாது. இரண்டும் தனித்தனியே எழுத ஆரம்பித்தால் ஸ்ப்ளிட் பிரெய்ன். எந்தப் பிரதியை வைப்பது, எதைத் தூக்கிப் போடுவது என்று பிறகு தலையில் கை வைத்து உட்கார வேண்டியதுதான். அதனால் சந்தேகம் வந்ததும் எதிராளியின் மின்சாரத்தை அணைத்துவிட்டுத்தான் பேஸ்மேக்கர் மறுவேலை பார்க்கும். அணைக்கும் வேலையை, சர்வருக்குள்ளேயே இருக்கும் ரிமோட் கட்டுப்பாட்டு வசதியான ஐபிஎம்ஐ-யிடம் கொடுத்திருந்தோம். கெர்னலை வேண்டுமென்றே கிராஷ் செய்து பார்த்தபோது எல்லாம் அழகாக நடந்தது.

அடுத்த சோதனை, ஓடிக்கொண்டிருந்த சர்வரின் இரண்டு பவர் கேபிளையும் உருவுவது. ஒன்றும் நகரவில்லை. ஸ்டேட்டஸில் அந்த நோடுக்கு நேரே ‘அன்கிளீன், ஆஃப்லைன்’; கிளையன்ட் லாகில் ‘சர்வர் நாட் ரெஸ்பாண்டிங், ஸ்டில் ட்ரையிங்’. ஐபிஎம்ஐ-க்கும் மின்சாரம் அதே கேபிளில்தான் வருகிறது. அணை என்றால் கேட்க அங்கே ஆளில்லை. அணைந்தது உறுதியாகாததால் நல்ல நிலையில் இருந்த சர்வர் கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

ஸ்டோனித்தையே (பேஸ்மேக்கரில் ஃபென்சிங்குக்கு இன்னொரு பெயர்) அணைத்துவிடலாமே என்று ஒரு யோசனை வந்தது. இந்த வேலையில் இதைவிட மோசமான யோசனை கிடையாது. பேஸ்மேக்கர் செய்தது முற்றிலும் சரி. ரிமோட்டில் இயக்கும் பிடியு-வை (சர்வர்களுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் சாதனம்) இரண்டாம் கட்ட ஃபென்சிங்காகச் சேர்த்தோம். சர்வருக்கு இரண்டு பவர் சப்ளை என்பதால் இரண்டு அவுட்லெட்டையும் அணைத்த பிறகே எதையும் திரும்பப் போட வேண்டும். ஒன்றை அணைத்துப் போட்டு, பிறகு மற்றதை அணைத்துப் போட்டால் சர்வர் அசையவே அசையாது. இரண்டு சர்வரும் ஒரே நேரத்தில் ஒன்றையொன்று அணைத்துக்கொள்ளாமலிருக்க ஒரு பக்கத்துக்குச் சில விநாடி தாமதமும் வைத்தோம். இரண்டும் தொடர்பிழந்தால் எந்தப் பக்கம் தொடரலாம் என்று தீர்மானிக்கும் மூன்றாவது ஓட்டுக்கு வேறொரு மெஷினில் கியூடிவைஸ்.

இப்போது மாற்றம் சில விநாடியில் முடிகிறது. ஆனாலும் பயனர்களுக்கு அதைவிட அதிக நேரம் நிற்கும். என்எஃப்எஸ் பதிப்பு 4-இல், புதிதாக எழுந்த சர்வர் பழைய கிளையன்ட்கள் தங்கள் ஃபைல் பூட்டுகளை (லாக்) திரும்பக் கேட்டு வாங்க அவகாசம் தரும். லினக்ஸில் அது வழக்கமாக 90 விநாடி. அதுவரை புதிதாக ஃபைல் திறக்க விடாது. குறைக்க வழியிருக்கிறது, நாங்கள் தொடவில்லை. ஹார்ட் மவுன்ட் (சர்வர் பதில் தரும்வரை விடாமல் முயலும் இணைப்பு) என்றால் ஓடும் வேலைகள் காத்திருந்து தொடரும். சாஃப்ட் மவுன்ட் (சிறிது நேரம் முயன்று கைவிடும் இணைப்பு) போட்டிருந்த சில நோடுகளில் ஐ/ஓ எரர் வாங்கி ஜாப்கள் செத்ததால், அவற்றையும் ஹார்டுக்கு மாற்றினோம்.

கெர்னல் அப்டேட்டை இப்போதெல்லாம் பட்டப்பகலில் செய்கிறோம். ஒன்றை ஸ்டாண்ட்பையில் போட்டு, அப்டேட் செய்து, ரீபூட் செய்து, பிறகு மற்றது. ‘ஒன்றரை நிமிடம் நிற்கும், கன்ட்ரோல்-சி அடிக்காதீர்கள்’ என்று பயனர்களுக்கு ஒரு வரி அறிவிப்பு மட்டும் போகும்.