புலிவரித் துப்பாக்கிகள்: ஸ்ரீரங்கப்பட்டணம் போகுமுன்

மைசூரிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணம் சுமார் 15 கிலோமீட்டர். ரயில் பாதையை ஒட்டி இருந்த திப்பு சுல்தானின் ஆயுதக் கிடங்கை, இரட்டைப் பாதை போடுவதற்காக 2017-இல் ஜாக்கி வைத்து முழுசாகத் தள்ளி வைத்தார்கள். கட்டடம் தப்பியது. ஆயுதங்கள் எப்போதோ போய்விட்டன. 1799 மே 4 அன்று கோட்டை விழுந்த இரவே சூறை தொடங்கிவிட்டது. மிஞ்சியதைக் கும்பினியின், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின், பங்கீட்டுக் குழு பிரித்தது. அரியணையையே துண்டு போட்டவர்கள் அவர்கள். வேலைப்பாடு மிகுந்த துப்பாக்கிகள் இங்கிலாந்தின் அரச சேகரிப்புக்கும் அதிகாரிகளின் வீடுகளுக்கும் போயின.

இந்தத் துப்பாக்கி ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்க நேர்ந்தால், தங்கத்தை விட்டுவிட்டு வரியைத் தேடுங்கள். ‘பப்ரி’ என்ற வளைந்த புலிவரிதான் திப்புவின் அடையாளம். குழலிலும் விசைத் தகட்டிலும் கட்டையிலும் அது வரும். குழலில் ‘ஹைதர்’ முத்திரை இருக்கும். தந்தை பெயர், சிங்கம், நபியின் மருமகன் ஹஸ்ரத் அலி மூன்றையும் ஒரே சொல் தொடுகிறது.

ஆண்டைப் படிப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். திப்பு தாமே கொண்டுவந்த மவுலூதி ஆண்டுக் கணக்கில் இலக்கங்கள் வலமிருந்து இடமாக வரும். அவர் நாணயத்தில் 5121 என்று தெரிவது 1215; அதாவது 1787 வாக்கில். அடுத்த குழப்பம், குதிரை (அடித்துப் பொறி கிளப்பும் பாகம்) இடப்பக்கம் அமைந்த கைத்துப்பாக்கி. இடக்கைக்காரருக்குச் செய்தது என்று நினைத்துவிட வேண்டாம். அவை ஜோடியாகச் செய்யப்பட்டவை, ஒன்றுக்கு வலம், மற்றதற்கு இடம். ஜோடி பிரிந்து ஆளுக்கொன்றாய்ப் போனதால் வந்த வினை.

தங்க வேலை இரண்டு வகை. இரும்பில் பள்ளம் வெட்டிப் பதித்தது நிற்கும். மேற்பரப்பைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அதன்மேல் கம்பியை அடித்து ஒட்டியது தேயும். கை படும் இடங்களிலும் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கிய இடங்களிலும் பொன் போய், அடியில் மெல்லிய கீறல் வலை தெரியும். குனிந்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். எனக்குப் புதுப் பொன்னைவிட அந்த வலைதான் நம்பகமான சாட்சி.

வென்றவர்கள் பிற்காலத்தில் பதித்த வெள்ளித் தகட்டை மட்டும் நம்பாதீர்கள். திப்பு பெயர் சொன்னால் விலை ஏறும். வரி, முத்திரை, ஆண்டு மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

ஊரில் மிச்சம் பார்க்க வேண்டியது 1784-இல் கட்டிய தரியா தௌலத் மாளிகை. அதன் மேற்குச் சுவரில், காஞ்சிபுரம் அருகே 1780-இல் கும்பினிப் படை தோற்ற பொள்ளிலூர்ப் போர் தீட்டப்பட்டிருக்கிறது. 1799-க்குப் பின் அங்கே குடியிருந்த ஆங்கிலேயத் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி அந்த ஓவியத்தை அழிக்கவில்லை, புதுப்பிக்கச் சொன்னார்.